வாளிக்காரரின் பத்தாவது மழைக்காலம்

வாளிக்காரர் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுக் கலக்கிக்கொண்டிருக்கிறார். வலப்பக்கம் ஐம்பது சுற்று, இடப்பக்கம் ஐம்பது சுற்று. நூறு முடியும்வரை அவரிடம் யாரும் பேசக் கூடாது. முதல் நாள் இது தெரியாமல், "என்ன, மீன் ஏதாவது மாட்டுதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒரு நிமிடம் கையை அப்படியே வைத்திருந்துவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். எண்பத்தாறாவது சுற்றில் வாயைத் திறந்திருக்கிறேன் என்று பிறகு தெரிந்தது.

கலக்கியதும், சுழல் அடங்குவதற்குள், அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலாக ஒன்று என்று மூன்று பாட்டில்களில் சேற்று நீரைப் பிடிக்கிறார். அந்த நேரத்தில் முகத்தைப் பார்த்தால் கொதிக்கும் பாலை இறக்குகிற அவசரம் இருக்கும். "ஒரு நிமிஷம் விட்டா மணல் கீழ போய் உக்காந்துக்கும் சார். மேல தண்ணி மட்டும் சாதுவா நிக்கும். அதைப் புடிச்சு அனுப்பினா, இந்த மலையில மண்ணே கரையலன்னு உலகம் நம்பிடும்."

உலகம் என்று அவர் சொல்வது ஒரு பேச்சுக்காக அல்ல. மழை அடித்துக்கொண்டு போகும் மண் உலகம் முழுக்க வருடத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். காடு வயலானால் எவ்வளவு கூடும், புல்வெளி மறுபடி காடானால் எவ்வளவு குறையும் என்று கண்டம் கண்டமாகப் பெருக்கிக் கூட்டி, ஆயிரக்கணக்கான கோடி டன் என்று சொல்கிறார்கள். அந்தக் கணக்கு சரிதானா என்று ஒத்துப் பார்க்க, எங்காவது ஒருவர் உண்மையான மழையில் உண்மையான மண்ணைப் பிடித்து எடை போட்டிருக்க வேண்டும். அப்படி உலகத்தில் அங்கங்கே இருக்கும் சில நூறு பேரில் இவர் ஒருவர். நான் பேட்டி எடுக்கப் போனது அந்தக் கணக்கைப் போடும் விஞ்ஞானியைத்தான். அரை மணி நேரம் வரைபடங்களைக் காட்டிவிட்டு அந்த அம்மாள், "என்னை விடுங்க, எங்க வாளிக்காரரைப் போய்ப் பாருங்க" என்று மலைக்கு அனுப்பிவிட்டார். எனக்கு அதுவரை மண் என்றால் செருப்பில் ஒட்டுவது.

வாளிக்காரருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒல்லி. வலது கை மட்டும் இடது கையைவிட இரண்டு நிறம் வெளுத்து, விரல் நுனிகள் எப்போதும் சுருங்கியே இருக்கும். பதவி, களப் பணியாளர் இரண்டாம் நிலை. முதல் நிலை யார் என்று கேட்டேன். "அப்படி ஒருத்தர் வந்ததே இல்ல சார். நான் நேரா ரெண்டுலதான் பொறந்தேன்."

அவர் ஆளும் ராஜ்யம் மலைச் சரிவில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் மூன்று பட்டை நிலம். ஒவ்வொன்றும் இருபத்திரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். சுற்றிலும் தகடு பதித்து அடைத்திருக்கிறது. வெளி நீர் உள்ளே வராது, உள் நீர் வெளியே போகாது. ஒவ்வொரு பட்டையின் காலடியிலும் ஒரு தொட்டி. முதல் பட்டையில் பழைய காடு அப்படியே நிற்கிறது. மூன்றாவதில் ஒரு புல் முளைத்தாலும் பிடுங்கிவிட்டு மொட்டையாக வைத்திருக்கிறார். இரண்டாவதுதான் வம்பு. பதினோரு வருடங்களுக்கு முன் மலையின் கீழ்ப்பாதியை வெட்டித் தள்ளி, பலகைக்காக ஒரே ஜாதி மரத்தை வரிசையாக நட்டார்கள். அந்தத் தோப்பின் ஒரு துண்டு அது.

"இப்பிடி வாங்க, குனிஞ்சு பாருங்க" என்று இரண்டாவது பட்டையின் பக்கத்தில் என்னை மண்டியிட வைத்தார். மேலே பார்த்தால் பச்சைப் பந்தல். கீழே பார்த்தால் துடைத்து வைத்த மாதிரி வெறுந்தரை. சருகில்லை, புதரில்லை. மரங்களின் வேர்கள் எலும்பு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "செயற்கைக்கோள் மேல இருந்து பாத்து, ஆகா, மரம்னு எழுதிக்குது. வழுக்கையில நாலு முடியை இழுத்து வாரினவனை எதிர்ல பாத்தா தெரியாது சார். இங்க வந்து குனியணும்." ஒவ்வொரு நல்ல மழைக்கும் முதல் பட்டையிலிருந்து ஒரு கைப்பிடி மண் வருகிறது. இரண்டாவதிலிருந்து வாளி வாளியாக வருகிறது.

மழைக்காலத்தில் அவர் விடுப்பு எடுப்பதில்லை. சொந்த மைத்துனன் கல்யாணத்தில் மேகத்தைப் பார்த்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்தவர் எழுந்து வந்திருக்கிறார். "பொண்ணு மாப்பிள்ளையை நான் பாத்தேன், இவரு வானத்தைப் பாத்தாரு" என்று அவர் மனைவி இன்னமும் சொல்கிறார். அந்த அம்மாள் கீழே ஊரில் மருந்துக்கடையில் வேலை செய்கிறார். மில்லிகிராம் கணக்கில் அவரும் சளைத்தவர் இல்லை. "சோத்துல மண் கிடந்தா மத்த வீட்டுல சண்டை வரும். எங்க வீட்டுல தராசு வரும்" என்றார். குடும்பமே இப்படி என்றால் நான் யாரை வைத்து யாரைக் கிண்டல் செய்வது?

அவரிடம் இன்னொரு கிறுக்கு உண்டு. பாட்டில் மண்ணை அடுப்பில் ஒரு நாள் முழுக்க உலர்த்தித் தராசில் வைப்பதற்கு முன், அந்த மழைக்குத் தொட்டியில் மொத்தம் எத்தனை கிலோ என்று தானே ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார். நான் பார்த்த அன்று, "இருபத்தியாறரை" என்றார். மறுநாள் கணக்குப் போட்டால் இருபத்தாறு கிலோ எழுநூறு கிராம் வந்தது. எனக்கு வாய் பிளந்துவிட்டது. அவருக்கு இருநூறு கிராம் தப்பியதில் வருத்தம். ஆனால் பதிவேட்டில் ஏறுவது தராசு சொன்னதுதான். தன் எண்ணை அவர் எழுதி வைப்பதுகூட இல்லை.

இந்த வருடம் அந்தப் பதிவேட்டுக்குப் பத்தாவது வருடம். கணக்குப் போடுகிறவர்கள் ஒத்துப் பார்க்கும் உலக அட்டவணையில் ஒரு நிலையத்தின் பெயர் ஏற வேண்டுமானால் பத்து முழு வருடங்கள் இருக்க வேண்டும். ஒரு பெரிய மழை விட்டுப்போனாலும் அந்த வருடம் செல்லாது. பதினோராவது வருடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கும் வழியில்லை. இந்தப் பருவம் முடிந்ததும் நிலையத்தை மூடுவதாகக் கடிதம் வந்துவிட்டது. தொட்டிகளை அகற்றிவிட்டு, அவரைக் கீழே அலுவலகத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைக்கப் போகிறார்கள்.

அதோடு போனாலும் பரவாயில்லை. மலையின் மேல்பாதியில் இன்னும் காடு நிற்கிறது. அதையும் வெட்டித் தோப்பாக்கலாமா என்று முடிவு செய்ய ஒரு நிலக்குழு அடுத்த மாதம் கூடுகிறது. மலைக்குக் கீழேதான் ஊர் குடிக்கும் நீர்த்தேக்கம். மண் இறங்கினால் அதில்தான் இறங்கும். அந்தக் குழு உலக அட்டவணையை எடுத்துப் பார்க்கும். இந்த மலைக்கு அளந்த எண் இருந்தால் அதுதான் சாட்சி. இல்லாவிட்டால் இயந்திரம் போடும் கணக்கு. மழையின் வேகம், மண்ணின் குணம், சரிவு, மேற்பரப்பின் போர்வை, தடுப்பு என்று ஐந்து எண்களைப் பெருக்கி அது ஒன்றைச் சொல்லும். அதில் போர்வைக்கான எண்ணைச் செயற்கைக்கோள் கொடுக்கும். அதன் கண்ணுக்குத் தோப்பும் காடும் ஒன்றுதான். வெட்டினாலும் மண் போகாது என்று அர்த்தமாகிவிடும்.

இவ்வளவையும் முதல் நாளே எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, "இன்னும் ஒரு மாசம் சார். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

இரண்டாம் நாள் காலையில் மூன்று தொட்டிகளையும் கழுவினார். அடியில் ஒரு வடிகுழாய் உண்டு. அதன் திருகு மூடியைக் கழற்றி, பழைய நீரை வடித்து, துடைத்து, மூடியைத் திருகி, மேல்மூடியைச் சாத்த வேண்டும். மூடி தொலையாமல் இருக்க ஒவ்வொன்றையும் ஒரு சங்கிலியில் கட்டியிருக்கிறார். இரண்டாவது தொட்டியின் சங்கிலி போன வாரம் துருப்பிடித்து அறுந்துவிட்டதாம். நான் பக்கத்தில் நின்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் படித்தது எதுவரை, முதல் மழை ஞாபகம் இருக்கிறதா என்று பத்திரிகைக்காரன் கேட்கும் அசட்டுக் கேள்விகள். அவரும் மரியாதைக்குப் பதில் சொல்லிக்கொண்டே கழுவினார். கலக்கும்போது பேசக் கூடாது என்றுதான் சட்டம். கழுவும்போது பேசலாம்.

மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. சரிவிலிருந்து பத்து நிமிட நடை. நனைந்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். அவர் மனைவிக்கு அன்று வார விடுமுறை. முதல் கவளம் எடுப்பதற்குள் வீடு இருண்டது. கூரைத் தகடு ஒருமுறை படபடத்து அடங்கியது. பிறகு மழை தொடங்கியது. அது தூறி, வலுத்து வருகிற மழை இல்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழவில்லை.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்குப் போனார். "இதுதான் சார், இந்த வருஷத்துப் பெரிய மழை! இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். வரட்டும், வரட்டும்" என்று கத்தினார். உலகத்தில் மண் அரிப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படும் ஒரே ஆள் நீங்கள்தான் என்று நானும் கத்தினேன். சிரித்தார். அரை மணி நேரம் அப்படியே நின்று, கடிகாரத்தைப் பார்ப்பதும் கூரைச் சத்தத்தைக் கேட்பதுமாக இருந்தார். மழை கொஞ்சமும் இறங்கவில்லை.

ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. ஆணியில் கிடந்த சட்டை மறுபடி நனையாமல் இருக்க, அந்த அம்மாள் அதை எடுத்து ஓர் உதறு உதறினார். பையிலிருந்து ஏதோ தெறித்துத் தரையில் விழுந்தது. விழுந்து, விளிம்பில் நின்று உருண்டு, அலமாரிக்கு அடியில் போய்ச் சுற்றி அடங்கியது. இரும்பின் சத்தம். மழையின் அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அது எங்கள் மூவருக்கும் கேட்டது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன விழுந்தது என்று கேட்கவும் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியது.

"ஏங்க..." என்றார் அந்த அம்மாள். குனிந்து எடுத்துப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர் அந்த வடிகுழாய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். செருப்பில்லை, மேலே பனியன் மட்டும். நானும் ஓடினேன். பாதை பாதையாக இல்லை, பழுப்பு நீர் முழங்காலுக்கு வந்தது. இரண்டு முறை விழுந்தேன். ஒருமுறை அவரும் விழுந்தார். விழும்போது மூடி வைத்திருந்த கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். வழியெல்லாம் ஒரே வார்த்தைதான். "மூணாவதா இருக்கணும், மூணாவதா இருக்கணும்." மொட்டைப் பட்டையின் தொட்டியாக இருந்தால் அவ்வளவு சேதமில்லை. எது என்று அவருக்குத் தெரியும். சங்கிலி அறுந்தது எந்தத் தொட்டி என்று எனக்கே தெரியும். இருந்தாலும் சொல்லிக்கொண்டே ஓடினார்.

இரண்டாவது தொட்டியின் வடிகுழாயிலிருந்து சேறு ஆள் கை பருமனில் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அவர் வெறும் உள்ளங்கையை வைத்து அடைத்தார். நீரின் வேகம் கையைத் தள்ளியது. தோளைக் கொடுத்து அழுத்திக்கொண்டு, மறு கையால் மூடியைத் திருகினார். மரை பிடிக்கவில்லை. எடுத்து மறுபடி வைத்தார். மூன்றாவது தடவை பிடித்தது. அப்புறம் தொட்டியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். தோப்பிலிருந்து நீர் இறங்கி வந்துகொண்டே இருந்தது. ஆனால் முதல் நாற்பது நிமிடம் வந்ததெல்லாம், அந்த மழையின் முக்கால் பங்கு மண், மலையோடு மலையாகப் போய்விட்டது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. அவரைப் பேச வைத்துச் சறுக்க வைத்தவனே நான்தான்.

மூன்றாம் நாள் விடிந்ததும் நான் மேலே போனபோது அவர் மண்டியிட்டிருந்தார். வடிகுழாய்க்குக் கீழே சேறு விசிறி மாதிரி படிந்து கிடந்தது. ஒரு சாப்பாட்டுக் கரண்டியால் அதைச் சுரண்டிச் சுரண்டி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். நான்கு வாளி நிறைந்திருந்தது. அவர் மனைவி பக்கத்தில் ஒரு கல்லில் டீயை வைத்துவிட்டு நின்றார்.

"தும்பை விட்டு வாலைப் புடிக்கிறேன்னு உனக்குத் தோணுது, இல்ல?" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

"எனக்கு ஒண்ணும் தோணல. டீ ஆறிடும்."

"இதுல எது மேல இருந்து வந்தது, எது இங்கயே கிடந்ததுன்னு பிரிக்க முடியாது. பாதி ஆத்துக்குப் போயிடுச்சு."

அந்த அம்மாள் டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "ஏங்க, உங்களுக்குத் தெரியும்ல? எத்தனை கிலோன்னு?" என்றார். அவர் கரண்டி நின்றது. "நேத்தே தெரிஞ்சிருக்கும். எனக்கு உங்களைத் தெரியாதா? தெரிஞ்சதைச் சொன்னா அது பொய்யா?"

அவர் எழுந்தார். நான்கு வாளியையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கவிழ்த்தார். பிறகு தொட்டிகளுக்குப் பக்கத்திலிருந்த கொட்டகைக்குள் போய்ப் பதிவேட்டை எடுத்து, முதல் தொட்டிக்கும் மூன்றாவது தொட்டிக்கும் உரிய கட்டங்களில் காலையில் பிடித்திருந்த பாட்டில்களின் எண்களை எழுதினார். இரண்டாவது கட்டத்தை வெறுமையாக விட்டார். அந்த அம்மாள் ஆறிய டீயை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

பகல் பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. விஞ்ஞானி அம்மாள் பத்தாவது வருடத்தின் இதுவரையிலான தாள்களை வாங்கிப் போக வருவதாக முன்பே ஏற்பாடு. நாற்பது வயதிருக்கும். படபடவென்று பேசுகிறவர். மழையைப் பற்றிக் கேள்விப்பட்டு உற்சாகத்தோடு இறங்கினார். "அண்ணே, செம மழையாமே! தொட்டி தாங்குச்சா?"

அவர் நடந்ததை முழுதாகச் சொன்னார். பத்திரிகைக்காரர் பேச்சுக் கொடுத்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. நானே குறுக்கிட்டுச் சொன்னேன். "அது காரணம் இல்ல மேடம். மூடி என் பையில இருந்தது" என்று என்னை ஒதுக்கிவிட்டார்.

மேடம் கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அண்ணே, முதல் தொட்டி இருக்கு, மூணாவது இருக்கு. மழை எவ்வளவுன்னும் இருக்கு. உங்க கைக்குத் தெரியாததா? ஒரு நம்பர் சொல்லுங்க" என்றார்.

"அளக்கல மேடம்."

"நீங்க சொல்றது அரை கிலோ முன்னப் பின்ன இருக்கும். மெஷின் போடுறது எங்கயோ இருக்கும். அது உண்மைக்குப் பக்கத்துலகூட வராது. அதைத்தான் குழு எடுத்துக்கும். மேல இருக்கிற காடு போயிடும். ஊர் தண்ணியில சேறு வரும். இப்ப சொல்லுங்க, ரெண்டுல எது பெரிய பொய்?"

நான் மேடத்தின் பக்கம்தான் இருந்தேன், மறைக்க வேண்டியதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்லவில்லையே, பூசணிக்காயின் எடையைத்தானே கேட்கிறார் என்று தோன்றியது. அதைச் சொல்லவும் செய்தேன். "நான் இதை எழுதமாட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டேன். பிறகு மேடத்திடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன்.

வாளிக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒம்போது வருஷமா நான் எழுதினதை எல்லாம் எப்படி மேடம் நம்பினீங்க? நீங்க இங்க இருந்தீங்களா?"

"நீங்க அளந்தீங்க, அதனால."

"இதுவும் அதே புஸ்தகம், அதே கையெழுத்து. பக்கத்துல பக்கத்துல இருக்கும். எது அளந்தது, எது நானா போட்டதுன்னு பின்னாடி யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது அண்ணே."

"ஆமா மேடம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மேடத்துக்குக் கோபம் வந்துவிட்டது. அது அவர் மேல் வந்த கோபமாகத் தெரியவில்லை. "எனக்குத் தெரியல. நான் உள்ள போய் ஆபீசுக்குப் போன் பண்றேன். பத்து நிமிஷம். இந்த வருஷத்தைக் கழிச்சுட்டு, ஒம்போது வருஷத்தை ஏத்துக்குவாங்களான்னு கடைசியா ஒரு தடவை கேக்கறேன். அவங்க ஆகாதுன்னு சொன்னா, நான் பதிவேட்டோட வெளிய வருவேன். நீங்க எழுதுங்க, இல்ல எழுதமாட்டேன்னு சொல்லுங்க. நான் திரும்பக் கேக்க மாட்டேன்." பதிவேட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார்.

நாங்கள் இருவரும் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றோம். உள்ளே மேடத்தின் குரல் உயர்வதும் தாழ்வதும் கேட்டது. "ஒரே ஒரு மழைதான்... இல்ல, பத்து வருஷ உழைப்பு சார் அது..." வாளிக்காரர் மேல்பாதிக் காட்டைப் பார்த்தார். அங்கே மேகம் மரங்களுக்குள் புகுந்து நின்றது. நேற்றைய அத்தனை மழைக்கும் முதல் பட்டையின் தொட்டியில் கணுக்கால் அளவுதான் நீர். அதுவும் தெளிந்து இருந்தது.

ஜீப்பின் கதவு முழுக்கச் சேறு தெறித்துக் காய்ந்திருந்தது. அவர் அதன் பக்கம் திரும்பி, ஆள்காட்டி விரலால் அந்தச் சேற்றில் எழுதினார். முதலில் இரண்டு இலக்கம். பிறகு ஒரு புள்ளி வைத்து இன்னொரு இலக்கம். சற்று யோசித்துப் பக்கத்தில் 'கிலோ' என்றும் எழுதினார். ஒரு தயக்கமும் இல்லாத தெளிவான எழுத்து. எழுதிவிட்டு ஓரடி பின்னால் நின்று பார்த்தார். அந்த எண்ணை நானும் பார்த்தேன். அது சரியான எண் என்று இன்றும் சத்தியம் செய்வேன். அவர் அளக்காததை நான் இங்கே எழுதப் போவதில்லை.

உள்ளே பேச்சு நின்றது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அவர் சட்டைக் கையை உள்ளங்கைவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவைத் துடைக்க ஆரம்பித்தார். எண்ணை மட்டும் அல்ல, மேலிருந்து கீழ்வரை, கைப்பிடியின் இடுக்குவரை துடைத்தார். மேடம் வாசலுக்கு வந்தபோது சேறு அப்பிய அந்த ஜீப்பில் அந்தக் கதவு மட்டும் பளிச்சென்று இருந்தது. மேடத்தின் ஒரு கையில் விரித்த பதிவேடு, மறு கையில் மூடி கழற்றிய பேனா. முகத்தைப் பார்த்தாலே ஆபீசில் என்ன சொன்னார்கள் என்று தெரிந்தது. அவர் பேனாவை நீட்டினார்.

வாளிக்காரர் அதை வாங்காமல், மேடம் ஏறுவதற்காக ஜீப் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.